வாசற்பலகையிலிருந்து என் படத்தை இறக்கக் கோருதல்

அனுப்புநர்:
தையல்கடைக்காரர், வயது அறுபத்தொன்று
(தெருமுனையில் ‘சக்கரவர்த்தி’ என்று விசாரித்தால் நாய்கூட வழி காட்டும்)

பெறுநர்:
உயர்திரு நல அலுவலர் அவர்கள்,
வட்டார நல்வாழ்வு மையம்

பொருள்: மையத்தின் வாசற்பலகையில் உள்ள என் படத்தை இறக்குவதும், நாற்பது நிறையாத என் அக்கா மகனை இதயப் பரிசோதனைக்கு ஏற்பதும் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் அக்கா மகன் முப்பத்தொரு வயதினன், லிஃப்ட் பழுதுபார்ப்பவன். லிஃப்ட் நின்றுபோன கட்டடத்துக்குத்தான் அவனை அழைப்பார்கள் என்பதால், அவன் இதுவரை ஏறிய படிகளை அடுக்கினால் நிலாவைத் தொட்டுவிட்டு மிச்சப் படியில் உட்கார்ந்து காற்று வாங்கலாம். அப்பேர்ப்பட்டவன் சமீபகாலமாக மூன்றாம் மாடியிலேயே உட்கார்ந்துவிடுகிறான். கேட்டால், ஷூ லேஸ் கட்டினானாம். அவன் போடுவது லேஸ் இல்லாத ஷூ.

2. அவன் தந்தை முப்பத்தாறு வயதில், பாதி முகம் சவரம் செய்த நிலையில், மாரடைப்பில் போனவர். ஆகவே தங்கள் மையத்தின் ரத்தப் பரிசோதனைக்கு மகனை அழைத்து வந்தோம். முன்மேசை அம்மையார், “நாப்பது ஆகட்டும், அப்புறம் கூட்டிட்டு வாங்க” என்றார். “அதுவரைக்கும் இருக்கணும்ல, அதுக்குத்தானேம்மா கூட்டிட்டு வந்தோம்” என்று அக்கா கேட்டதற்கு, அவர் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்.

3. எனவே மறுநாள் என் பெயரில் டோக்கன் வாங்கினேன். “மாமாவுக்கு ஊசியைக் கண்டாலே உயிர் போயிடும்டா, எனக்குப் பதிலா நீ கையை நீட்டு” என்று அவனிடம் கண்ணீர் மல்க வேண்டினேன். ஊசியோடு குடும்பம் நடத்தும் தையற்காரன் சொன்னதை அவனும் நம்பினான். ரத்தம் எடுத்த பெண் சீட்டைப் பார்த்தார், நரம்பைப் பார்த்தார், முகத்தை மட்டும் பார்க்கவில்லை. “இந்த வயசுலயும் நல்ல நரம்பு தாத்தா” என்று பாராட்டியதாகக் கேள்வி.

4. முடிவு வந்தது. கெட்ட கொழுப்பு இருக்க வேண்டியதைப்போல் இரண்டு மடங்கு. பரம்பரையாக வந்து இதயக் குழாயை அடைக்கும் லிப்போபுரோட்டீன் என்ற கொழுப்பு வகை கூரையைப் பிய்த்துக்கொண்டு நின்றது. தங்கள் மருத்துவரிடம், “இது என் ரத்தமே இல்லை டாக்டர்” என்றேன். “முதல்ல எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க” என்று என் வாயில் தெர்மாமீட்டரை வைத்துவிட்டார். தினமும் நடக்கச் சொல்லி, இரண்டு வாரம் கழித்து மீண்டும் ரத்தம் எடுத்தார். இம்முறை பெயரும் என்னுடையது, கையும் என்னுடையது. பச்சைக் குழந்தையின் ரத்தம்போல் முடிவு வந்தது. உடனே என்னைப் படம் பிடித்து, ‘நடந்தார், வென்றார்!’ என்று வாசலில் மாட்டிவிட்டீர்கள். அந்த இரண்டு வாரத்தில் நான் நடந்ததெல்லாம் கட்டிலுக்கும் தையல் மிஷினுக்கும் இடையேதான்.

5. புகழ் எனக்குப் புதிதல்ல, தாங்கிக்கொள்வேன். ஆனால் முதல் முடிவு தன் ரத்தத்துடையது என்று தெரிந்த அக்கா மகனும் அந்தப் பலகையைப் பார்த்துவிட்டான். “நடந்தா சரியாயிடும்னு போர்டுலயே போட்டிருக்காங்க. எனக்கும் சேர்த்துத்தான் நீங்க நடந்துட்டீங்களே மாமா!” என்று சிரித்தான். சிரித்துக்கொண்டே இடது தோளைத் தேய்த்துவிட்டுக்கொண்டான். அக்கா அதைப் பார்த்துவிட்டாள். அன்றிலிருந்து அவன் சவரம் செய்யும்போதெல்லாம் குளியலறை வாசலில் உட்கார்ந்து, ஏற்கெனவே மடித்த துணியையே மடித்துக்கொண்டிருக்கிறாள்.

6. ஆகவே ஐயா, முதல் முடிவை அவன் பெயருக்கும் வயதுக்கும் மாற்றி, அவனை இதய மருத்துவரிடம் அனுப்ப ஆணையிட வேண்டுகிறேன். வயது குறுக்கே நின்றால், என் வயதிலிருந்து ஒன்பதைக் கழித்து அவனுடையதில் சேர்த்துக்கொள்ளுங்கள். எனக்கு ஆட்சேபணை இல்லை, இளமையும் திரும்பும். ஆள்மாறாட்டத்துக்குத் தண்டனையாகத் தங்கள் அலுவலகம் முழுமைக்கும் சட்டை தைத்துத் தருகிறேன். என் படத்தை மட்டும் இறக்கிவிடுங்கள். எங்கள் வீட்டுச் சுவரில் முப்பத்தாறு வயதுக்காரர் படம் ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. இன்னொரு ஆணிக்கு அங்கே இடமில்லை.

7. இம்மனு தங்கள் கைக்கு வரும் இந்நேரம் நானும் அவனும் வெளியே பெஞ்சில்தான் இருக்கிறோம். மையத்தில் லிஃப்ட் பழுது என்று சொல்லி, கருவிப் பெட்டியோடு வரவழைத்திருக்கிறேன். இந்தக் கட்டடத்துக்கு மாடியே இல்லை என்பதை, இத்தனை முறை வந்தும் கவனிக்காத அவன் நிமிர்ந்து பார்ப்பதற்குள் தயவுசெய்து உள்ளே கூப்பிடவும்.

இடம்: தங்கள் வாசல், என் படத்துக்கு நேர் கீழே
நாள்: படம் மாட்டிய மறுவாரம், திங்கள்

இப்படிக்கு,
நடக்காமலே வென்றவர்
(கையொப்பம்)