வெடி என்று நீ சொன்ன சத்தம்

நைனா,

காலையில் பரணில் முறம் தேடப் போய் உன் தகரக் குழல் கையில் அகப்பட்டது. ஒரு பக்கம் நசுங்கியிருக்கிறது. வாய் வைத்துப் பேசும் இடத்தில் துரு ஏறிவிட்டது. மூக்கருகே கொண்டுபோனேன். துருவுக்கு அடியில் கிராம்பு வாசம். தொண்டை கட்டாமலிருக்க சினிமா ஆட்டத்துக்கு முன்னால் இரண்டு கிராம்பை வாயில் அடக்கிக்கொள்வாயே, அது. நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. கிராம்பு இன்னும் போகவில்லை.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். நீ இருந்திருந்தால் கேட்டிருக்க மாட்டேன். உன்னிடம்கூட நான் தரையைப் பார்த்துத்தான் பேசுவேன். எழுதுவது என்றால் கொஞ்சம் முடிகிறது. ஆறாம் வகுப்பு வரை படித்தது இதற்காவது ஆகட்டும்.

போன வாரம் நம் டெண்டுக் கொட்டகைக்கு அந்தக் குதிரைப் பந்தயப் படம் மறுபடி வந்தது. நீ கதை சொன்ன படம்.

பகலெல்லாம் துறைமுகத்தில் மூட்டை தூக்கிவிட்டு, இங்கிலீஷ் படம் வருகிற நாட்களில் சாயங்காலம் குளித்து, சட்டை மாற்றி, திரைக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு, இந்தக் குழலோடு ஏறி நிற்பாய். கொட்டகை முதலாளி படத்தின் சத்தத்தைக் குறைக்கச் சொல்வார். அப்புறம் தமிழில் கதை சொல்லும் உன் சத்தம்தான். மணல் தரையில் பெண்கள் பக்கம் உட்கார்ந்து நான் வெட்கத்தில் முந்தானையைக் கடித்துக்கொண்டிருப்பேன். என் நைனா இத்தனை பேர் முன்னால் இப்படிக் கத்துகிறாரே என்று இருக்கும். ஆனாலும் ஒரு படத்தையும் விட மாட்டேன்.

பந்தயம் ஆரம்பித்ததும் நீ குதிரைகளுக்குப் பெயர் வைத்தது நினைவிருக்கிறதா?

"ஐயா, அம்மா, நல்லா பாத்துக்கோ. கறுப்பு குதிரை கொருக்குப்பேட்டை. நெத்தில வெள்ளை கீதே, அது நம்ம திருவொத்தியூரு. பின்னால மூச்சு வாங்கிகினு வருதே கெழடு, அதான் ராயபுரம்!"

"யோவ், இன்னாய்யா ராயபுரத்தக் கெழடுன்ற?" என்று பெஞ்சுப் பக்கமிருந்து ஒருவர் எழுந்தார்.

"குந்து தோஸ்து, இன்னும் ஒரு சுத்து கீது. அது இப்பத்தான் கஞ்சி குடிச்சிகினு வருது."

கொட்டகையே குலுங்கியது. அந்த வெள்ளைக்காரக் குதிரைகளுக்காக நம் ஆட்கள் தொண்டை கிழியக் கத்தினார்கள். கொருக்குப்பேட்டைக்காரர்கள் ஒரு பக்கம், நம்மவர்கள் ஒரு பக்கம். கடைசியில் திருவொற்றியூர்தான் ஜெயித்தது. கோட்டைத் தாண்டியதும் அந்தக் குதிரையின் முன்னங்கால் மடங்கியது. இரண்டு பேர் அதை நொண்ட நொண்ட ஒரு படுதாவுக்குப் பின்னால் கூட்டிப்போனார்கள். கோட்டுப் பைக்குள் கையை விட்டபடி ஒருவன் பின்னாலேயே போனான்.

"ஜெயிச்ச குதிரைக்கு மரியாத பண்ணப் போறாங்க! தீப்பெட்டி எடுக்குறான் பாரு. எந்த ஊரு தீப்பெட்டி? நம்மூரு தீப்பெட்டி!"

நம்மூர்த் தீப்பெட்டி ஆலையில் வேலை செய்கிறவர்கள் விசில் அடித்தார்கள். படுதாவுக்குப் பின்னாலிருந்து 'டொப்' என்று ஒரு சத்தம்.

"போட்டான்யா வெடி! திருவொத்தியூரு ஜெயிச்சதுக்கு வெடி!"

குதிரையை வளர்த்த பெண் திரையில் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். "ஐய, பாவம், வெடின்னா அதுக்குப் பயம்" என்றாய். பெண்கள் பக்கம் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அம்மா போய் இரண்டு மாதம் கழித்து நான் முதன்முதலாகச் சிரித்தது அதற்குத்தான். எனக்கு அப்போது பதினொரு வயது. வெள்ளைக்காரன் கொடி இறங்கின வருஷம்.

இந்த முறை அத்தையோடு போனேன். கதை சொல்ல யாரும் இல்லை. இப்போதெல்லாம் அது வேண்டாம் என்று முதலாளி நிறுத்திவிட்டார். படம் தன் பாட்டுக்கு இங்கிலீஷில் பேசிக்கொண்டே ஓடியது. குதிரைகளுக்குப் பெயர் இல்லை. யாரும் கத்தவில்லை. கால் மடங்கியது, படுதா வந்தது, 'டொப்' என்ற சத்தம் வந்தது. பின்னாலிருந்து ஒருவர் பீடிப் புகையை விட்டுக்கொண்டே பக்கத்து ஆளிடம் சொன்னார்:

"சுட்டுட்டாண்டா. காலு ஒடஞ்சா அவ்ளோதான், கிண்டி ரேசுல கூட அப்டித்தான்."

ஆறு வருஷமாக அந்தக் குதிரை எங்கோ புல் தின்றுகொண்டிருப்பதாக நினைத்திருந்தேன் நைனா.

குதிரைக்காகவா இப்படிக் கலங்குகிறாய் என்று நீ கேட்பாய். இல்லை. அம்மாவுக்காக.

அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போன அன்று காலையில் என்ன நடந்தது என்று நான் உன்னிடம் சொன்னதே இல்லை. "இன்னிக்கு பள்ளிக்கூடம் போவாத கண்ணு, இடுப்பு ஒரு மாதிரி கீது" என்றது அம்மா. அன்று வகுப்பில் தேசப்படம் வரையச் சொல்லியிருந்தார்கள். வண்ணப் பென்சில் இரவல் வாங்கி வைத்திருந்தேன். "உனக்கு தெனமும் இதான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சாயங்காலம் வந்தபோது வீடு பூட்டியிருந்தது. தங்கச்சி ராணி பிறந்த மூன்றாம் நாள் அம்மா போய்விட்டது. என்னை ஆஸ்பத்திரிக்குள் விடவில்லை.

நீ வீட்டுக்கு வந்து, குழந்தையை என் மடியில் வைத்துவிட்டு, என் தலையில் கை வைத்துச் சொன்னாய்: "உங்கம்மா நல்லாத்தான் பேசிகினு இருந்தா. 'பெரியவ மேல எனக்கு ஒரு கோவமும் இல்லன்னு சொல்லிடு'ன்னா."

அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் நான் எழுந்து அடுப்பு மூட்டினேன். பள்ளிக்கூடத்தை விட்டேன். ஏன் போகவில்லை என்று நீ கேட்டதற்குப் படிப்புப் பிடிக்கவில்லை என்றேன். அதை நீ நம்பினாயா என்பதும் எனக்குத் தெரியாது.

இப்போது கேட்கிறேன். அம்மா அதைச் சொன்னதா? இல்லை, அதுவும் வெடியா?

படம் முடிந்ததும் அத்தையிடம் மெதுவாகக் கேட்டேன். "நா இன்னாடி கண்டேன்? உள்ள ஒரு ஆளத்தான் விட்டாங்க. ஒங்க நைனாதான் போனான். நா வெளில மீன் கூடையோட குந்திகினு இருந்தேன்" என்றது. அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏன், இன்னாத்துக்கு இப்போ?" என்றது. குதிரையைப் பற்றி மட்டும் சொன்னேன். அத்தை சும்மா இருக்குமா? கொட்டகையில் படம் காட்டும் மெஷினை ஓட்டுகிற அண்ணன் வெளியே டீ குடித்துக்கொண்டிருந்தார். என்னை அவர் முன்னால் இழுத்துப்போய் நிறுத்தியது.

"இந்தாப்பா, இந்தப் பொண்ணு இன்னாமோ கேக்கணுமாம். வாயத் தொறக்க மாட்டேங்குது. நீயே சொல்லு, அந்தக் குதிரை செத்துது இவ நைனாவுக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியாம இன்னா? மொத நாளு உள்ளதத்தான் சொன்னாரு. சுட்டுட்டாங்கன்னாரு. திருவொத்தியூருகாரனுங்க ரெண்டு பெஞ்ச ஒடச்சி ஒரே பேஜாரு. மறுநாளு மொதலாளி கூப்ட்டு, 'நீ இன்னா சொல்வியோ தெரியாது, குதிரை சாவக் கூடாது'ன்னாரு. அதுலேர்ந்துதான் வெடி."

"ஐய, அவன் கண்டான்!" என்றது அத்தை. "கப்பல்காரன் திட்டுறதத் தவிர அவனுக்கு இன்னா இங்கிலீஷ் தெரியும்? மொத நாளு எவனாச்சும் சொல்லிக்குடுத்திருப்பான். என் தம்பிய எனக்குத் தெரியாதா? பட்டாசு சத்தத்துக்கும் துப்பாக்கி சத்தத்துக்கும் வித்தியாசம் தெரியாதவன்."

"அக்கா, நீ படத்துல தூங்குற ஆளு, நீ பேசாத."

"நா தூங்குனேன், நீ பாத்தியா? மெஷின ஓட்டுனியா, என்னப் பாத்துகினு இருந்தியா?"

இருவரும் சண்டை போட்டுக்கொண்டே இருந்தார்கள். நான் வீட்டுக்கு நடந்தேன். பெஞ்சுக்குப் பயந்து சொன்னாயா? தெரியாமல் சொன்னாயா? நடக்கும்போது இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. முதல் நாள் நீ என்னைக் கூட்டிப்போகவில்லை. மறுநாள்தான், நான் வரவில்லை என்று சொல்லியும் கையைப் பிடித்துக் கூட்டிப்போனாய். குதிரை சாகாத நாளாகப் பார்த்து. அது தற்செயலா, வேண்டுமென்றா? எப்படி யோசித்தாலும் பாதிதான் விளங்குகிறது.

போன வருஷம் வைத்தியரிடம் போய்விட்டு வந்து, "ஒண்ணுமில்ல, எளநி குடிக்கச் சொன்னாரு" என்றாயே. நான் தினமும் இளநீர் வாங்கிவந்தேன். நீயும் போகிற நாள் வரை நன்றாக இருக்கிறது என்று குடித்தாய்.

படம் மாறுவதற்கு முந்தின நாள் ராணி என்னை விடவில்லை. தெருவில் எல்லாப் பிள்ளைகளும் குதிரைப் படம் பார்த்துவிட்டார்களாம், அவள் மட்டும் பார்க்கவில்லையாம். அவளுக்கு ஆறு வயது. அம்மாவின் நெற்றி, உன் வாய். கூட்டிப்போனேன். பந்தயத்தில் நெற்றியில் வெள்ளை வைத்த குதிரையைப் பிடித்துக்கொண்டாள். நான் எதுவும் சொல்லவில்லை, அவளாகத்தான் பிடித்தாள். அது ஜெயித்ததும் மணலில் எழுந்து நின்று குதித்தாள். கால் மடங்கியது. படுதா வந்தது. 'டொப்.'

"அக்கா, இன்னா சத்தம் அது?"

அவள் பிறந்த கதையை அவள் இன்னும் என்னிடம் கேட்கவில்லை. ஒருநாள் கேட்பாள். அந்த நினைப்பு ஏன் அப்போது வந்தது என்று தெரியவில்லை. என் வாய் தானாகத் திறந்தது.

"வெடி. ஜெயிச்சதுக்கு வெடி போடுறாங்க."

மெதுவாகத்தான் சொன்னேன் என்று நினைத்தேன். முன்னால் இருந்த இரண்டு பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

ராணி விடவில்லை. நான் உன்னைக் கேட்காததை அவள் கேட்டாள். "வெடின்னா குதிரை ஏன் திரும்பி வரல?"

நைனா, அந்த இடத்தில் நீ இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாய்? உன்னைத் தேடினேன். முக்காலி இருந்த இடத்தில் ஒரு மண்ணெண்ணெய் டின் கவிழ்ந்து கிடந்தது.

"கால்ல சுளுக்கு. கடல் தண்ணில நிக்க வைக்க கூட்டினு போயிகீறாங்க" என்றேன்.

முன்னால் இருந்த அம்மாள் இடுப்புக் குழந்தையை மாற்றி வைத்துக்கொண்டு கேட்டார்: "ஆமா, சுளுக்குக்கு உப்புத் தண்ணி நல்லது. அந்தப் பொண்ணு ஏன்மா அழுவுது? ஒண்ணும் விளங்கலியே, சத்தமாத்தான் சொல்லேன்."

சொன்னேன் நைனா. தரையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன். ஆனால் படம் முடியும் வரை சொன்னேன். நாலைந்து பேர் நகர்ந்து பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள். யாரும் சொல்லி நான் அந்த வெடியைப் போடவில்லை. பெஞ்சு உடையும் என்று பயமில்லை. சத்தம் என்னவென்று தெரியாமலும் இல்லை. பின் ஏன் சொன்னேன்? யோசித்துப் பார்க்கிறேன், பிடிபடவில்லை. உன்னைக் கேட்டிருந்தாலும் நீயும் இப்படித்தான் விழித்திருப்பாயோ என்னவோ.

அம்மா சொன்னதா, நீ சொன்னதா என்று இனி எனக்குத் தெரியப்போவதில்லை. அம்மா சொல்லவில்லை என்றால், நீ சொல்லியிருக்கிறாய். அன்று காலையில் நான் பேசியதை யாரிடம் கேட்டு அறிந்தாயோ, அறியாமலேதான் சொன்னாயோ. கோபம் இல்லை என்று உங்கள் இருவரில் ஒருவர் எனக்குச் சொன்னீர்கள். சில நாள் அது போதும் என்றிருக்கிறது. சில நாள் போதவில்லை.

குழலைத் துடைத்து வைத்தேன். நசுங்கிய பக்கத்தைத் தட்டி நிமிர்த்த வேண்டும். ராணி அதை எடுத்து ஊதிப் பார்க்கிறாள். கிராம்பு வாசம் வருகிறது, யாருடையது என்று கேட்கிறாள். நைனாவோடது என்றேன். அது உண்மை.