ஜீப்பில் இருந்த தண்ணீர்

என்னங்க,

நீங்கள் போன் எடுப்பதில்லை. அதனால் மேலே ஏலக்காய்த் தோட்டத்துக்கு வரும் ஜீப்பு டிரைவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். நான் ஆன்லைனில் கத்தோலிக்க இறையியல் படிக்கப் போகிறேன். கல்யாணத்துக்காக மதம் மாறிய எனக்கு ஜெபங்கள் மட்டும்தானே தெரியும்?

“இப்ப எதுக்குடி படிப்பு? வெரசா அடுத்த பிள்ளயப் பெத்துக் கொண்டா” என்கிறார் அத்தை.

மூன்று படிப்புகளைப் பார்த்தேன். ஒன்று முழுக்க ஆங்கிலம். இன்னொன்றில் கேமரா முன் பேச வேண்டும். எனக்கு அது வராது. ஆரம்ப நிலைக்கான தமிழ்ப் படிப்பையே எடுத்தேன். ஞானஸ்நானம் பெறாமல் இறக்கும் குழந்தைகளைப் பற்றி அதில் ஒரு பாடம் இருக்கிறது.

இலவசமாகக் கிடைத்த முதல் பாடத்தைக் கேட்டுவிட்டேன். உயிருக்குப் போராடும் குழந்தைக்காக ஃபாதர் வரும்வரை காத்திருக்க வேண்டாமாம். யார் வேண்டுமானாலும் தலையில் தண்ணீர் ஊற்றி, ஜெபம் சொல்லி ஞானஸ்நானம் கொடுக்கலாமாம்.

“காய் பறிப்பு முடியட்டும், ஞானஸ்நானம் வச்சுக்கலாம்” என்று நீங்கள் தள்ளிப்போட்டதைப் பற்றி நான் இப்போது கேட்கவில்லை. ஆஸ்பத்திரிக்கு ஜீப்பில் போகும்போது, போடிமெட்டு இறக்கத்தில் நம் மகன் என் மடியில் கடைசி மூச்சை விட்டபோது, உங்கள் கையில் தண்ணீர் பாட்டில் இருந்தது.

நீங்கள் பிறந்ததிலிருந்தே கத்தோலிக்கர். இது உங்களுக்கு அப்போதே தெரியுமா? கீழே வரும்போது, தெரியாது என்றே சொல்லுங்கள்.

இப்படிக்கு,
மகனின் அம்மா