சுவரில் ஏறிய வீட்டுப் பேச்சு

பாரிஸ்,
12 அக்டோபர் 1974

அன்புள்ள லூசியன்,

நலமாக இருக்கிறாயா? மான்ட்ரியலில் உன் விளம்பரக் கம்பெனியின் கிளை அலுவலகம் திறந்தாகிவிட்டது என்று உன் கூட்டாளி பெர்த்ரான் சொன்னான். சந்தோஷம். இங்கே சமையலறைக் குழாய் ஒழுகுகிறது, உன் அம்மாவுக்கு முழங்கால் வலி, பூனை உன் நாற்காலியை விட்டு நகர மாட்டேன் என்கிறது. இதையெல்லாம் நான் சமாளித்துக்கொள்வேன். எழுத உட்கார்ந்தது நம் பெண் ஒதிலைப் பற்றி.

போன ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்தபோது அவள் ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு ஒரு வார்த்தை பேசவில்லை. லைன் சரியில்லை என்று உன்னிடம் சொன்னேன். லைனுக்கு ஒரு கேடும் இல்லை. வைத்த பிறகு ஏனடி இப்படி என்று கேட்டேன். "நான் எது பேசினாலும் அப்பா விளம்பரத்துல போட்டுடுவாரு" என்றாள்.

ஆகஸ்ட் விடுமுறை முடிந்து காரில் திரும்பியது ஞாபகம் இருக்கிறதா? நான் பின்சீட்டில் தூங்குகிறேன் என்று நினைத்து உன்னிடம் மனசு விட்டுப் பேசினாள். பள்ளிக்கூடக் கேன்டீனில் யாரும் தன் பக்கத்தில் உட்காருவதில்லை என்றாள். "அதான் நான் சீக்கிரம் சாப்பிட்டு முடிச்சிடுவேன். தனியா உட்கார்ந்திருக்கறது யாருக்கும் தெரியாதுல்ல?" என்று சிரிக்க வேறு செய்தாள்.

இப்போது அது விளம்பரமாகப் பள்ளிக்கூடத்துக்கு எதிர் பஸ் ஸ்டாப்பில் தொங்குகிறது. நீள மேஜை, ஒற்றைப் பெண், மேலே 'நான் சீக்கிரம் சாப்பிட்டு முடிச்சிடுவேன்', கீழே நீ விளம்பரம் செய்யும் சோப்பு; வியர்வை நாற்றம் அடித்தால் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்களாம். அவள் அப்பா யார் என்று அந்த வகுப்பில் யாருக்குத் தெரியாது? செவ்வாய்க்கிழமை அவள் தட்டில் யாரோ ஒரு சோப்புக்கட்டியை வைத்திருக்கிறார்கள். அன்றிலிருந்து அவள் கேன்டீன் பக்கமே போவதில்லை.

உன்னை எனக்குத் தெரியாதா, லூசியன்? லியோன் சந்தையில் தோல் சீவும் கத்தி விற்ற காலத்திலேயே, உன் அம்மா கட்டைவிரலை அறுத்துக்கொண்ட கதையைச் சொல்லித்தான் கூட்டம் சேர்த்தாய். நானும் வாயைப் பிளந்துகொண்டு கேட்டு ஒன்று வாங்கினேன். கத்தி இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது. பிறகு ரேடியோ, பிறகு சொந்தக் கம்பெனி. என் அம்மா காபிக்காக என்னோடு போட்ட சண்டையை ஒரு காபி விளம்பரத்தில் நாடு முழுக்க ஒலிபரப்பினாய். அவள் ரொட்டிக் கடையில் போய், "அந்த வாயாடிக் கிழவி வேற யாருமில்ல, நான்தான்!" என்று பீற்றிக்கொண்டாள். அவளுக்குப் பிடித்திருந்தது. ஒதிலுக்குப் பிடிக்குமா என்று நீ கேட்கவே இல்லை.

பெர்த்ரானைப் போய்ப் பார்த்தேன். "கோவிச்சுக்காதே மிரேய். அவன் இத்தனை வருஷத்துல எழுதினதுலயே இதுதான் டாப். கிறிஸ்துமஸ் வரைக்கும் ஓடும் பாரு" என்றான். எழுதியது அவன் இல்லை, என் பெண் என்றேன். நிறுத்துவதென்றால் நீ சொல்ல வேண்டுமாம்.

ஒதில் தன்னைத் தொலைவில் நாந்த் நகரத்தில் ஒரு விடுதிப் பள்ளியில் சேர்க்கச் சொல்கிறாள். மாத முடிவுக்குள் நான் பதில் சொல்லியாக வேண்டும். அங்கே போய்விட்டால் விடுமுறைக்குத்தான் வருவாள். வந்தாலும் நம் மேஜையில் வாயைத் திறக்க மாட்டாள். அவளை நீ இழந்துவிடுவாயோ என்று பயமாக இருக்கிறது.

இதைப் படித்ததும் பெர்த்ரானுக்குத் தந்தி அடி, விளம்பரத்தை எடுக்கச் சொல். பிறகு அவளுக்கு ஒரு கடிதம் எழுது. சாமர்த்தியம் ஒன்றும் வேண்டாம். எழுதி முடித்ததும் ஒருமுறை படித்துப் பார். ஊரார் கைதட்டுகிற மாதிரி ஒரு வரி இருந்தால், அதை அடித்துவிட்டு அனுப்பு.

நேற்று பாத்திரம் துடைத்துக்கொண்டே உன்னைப் பற்றி என்னிடம் ஒன்று சொன்னாள். கேட்டால் உன் மனசு குளிர்ந்துபோகும். ஆனால் அதை நான் எழுத மாட்டேன். அவள் என்னை நம்பிச் சொன்னது. நீ வந்து அவளிடமே கேள். அவள் உன்னிடம் சொல்கிற நாள் வர வேண்டும் என்றுதான் தினமும் வேண்டிக்கொள்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

என்றும் உன்,
மிரேய்