ஈஸ்டருக்குள் பதில் போடு

இயேசு மரி சூசை துணை

திண்டுக்கல்
17-2-91, ஞாயிறு

அன்புத் தம்பி இனிகோவுக்கு,

அக்கா ஐரின் எழுதுவது. நானும் அம்மாவும் இருக்கிறபடி இருக்கிறோம். பம்பாயில் நீயும் லிடியாவும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டுமென்று தினமும் செபமாலையில் சேர்த்துக்கொள்கிறோம். நீ கடிதம் போட்டு ஒன்றரை மாதம் ஆகிறது. தபால்காரர் நம் வாசலில் சைக்கிளை மெதுவாக்குவதைக்கூட விட்டுவிட்டார்.

ஒரு சேதி. கோயம்புத்தூரில் மோட்டார் பம்பு செய்கிற கம்பெனியில் எனக்குத் தலைமைக் கணக்கர் வேலை கிடைத்திருக்கிறது. ஜனவரியில் ஒருநாள் லீவு போட்டு இன்டர்வியூவுக்குப் போய்வந்தேன். கிடைக்காவிட்டால் வெட்கம் என்று உன்னிடம் சொல்லவில்லை. தோல் மண்டியில் பதினெட்டு வருசம் பேரேடு எழுதியாகிவிட்டது. வருசக் கணக்கை முதலிலிருந்து கடைசி வரை நான் முடிப்பேன். கையெழுத்துப் போட மட்டும் முதலாளியின் மருமகன் வருவார். அங்கே நான் முடிக்கிற கணக்குக்கு நானே கையெழுத்துப் போடலாம். கம்ப்யூட்டரும் அவர்களே கற்றுத் தருகிறார்கள். நாற்பது தாண்டினால் எடுக்க மாட்டார்கள். எனக்கு ஜூலையில் நாற்பது.

மே இரண்டாம் தேதி சேர வேண்டும், ஈஸ்டருக்குள் பதில் கேட்கிறார்கள். கன்னியாஸ்திரிகள் நடத்துகிற பெண்கள் விடுதியில் இடம் இருக்கிறது. அங்கே அம்மாவை வைத்துக்கொள்ள முடியாது. ஆறு மாதத்தில் தனி வீடு பார்த்துவிடுவேன். அதுவரைக்கும் அம்மாவை நீ வைத்துக்கொள்வாயா? வாதம் வந்த வலது கை இன்னும் தூக்க வரவில்லை. கைத்தாங்கலாகப் பிடித்தால் நடக்கிறாள்.

உன் அன்பு அக்கா
ஐரின்

*

செம்பூர், பம்பாய்
28-2-91

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை லிடியாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவளுக்கும் ரொம்பச் சந்தோசம். எங்க அக்கா லேசுப்பட்ட ஆளா என்று ஆபீசில்கூடப் பெருமை அடித்துக்கொண்டேன்.

அம்மா விஷயம்தான் யோசனையாக இருக்கிறது. எங்களுக்கு இருப்பது ஓர் அறையும் சமையல்கட்டும். மூன்றாவது மாடி. குளிக்க வரிசையில் நிற்க வேண்டும். லிடியாவுக்கு ஆஸ்பத்திரியில் டூட்டி மாறி மாறி வருகிறது, பெரியவனுக்குப் பரீட்சை. அம்மா இங்கே வந்து என்ன செய்யும், யாரோடு பேசும்? நீ தனி ஆள் அக்கா, நினைத்தால் நினைத்த இடத்துக்குப் போகலாம். எனக்குக் குடும்பம் என்று ஒன்று இருக்கிறதே. நீ அம்மா பக்கத்தில் இருக்கிற தைரியத்தில்தான் நான் இங்கே நிம்மதியாகத் தூங்குகிறேன்.

ஈஸ்டர் முடியட்டும், நிதானமாகப் பேசலாம். லீவு கிடைத்தால் மே மாதம் ஊருக்கு வாரேன். இங்கே பிரியாணி என்ற பெயரில் தருவதைத் தின்று நாக்கு செத்துப்போய்விட்டது.

அன்புத் தம்பி
இனிகோ

*

இயேசு மரி சூசை துணை

திண்டுக்கல்
10-3-91, ஞாயிறு

அன்புத் தம்பி இனிகோவுக்கு,

ஈஸ்டர் முடிந்தால் பேசுவதற்கு ஒன்றும் இருக்காது. அந்த வேலையை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள்.

நான் தனி ஆள் என்று எழுதியிருக்கிறாய். காலையில் அம்மாவுக்கு ஊட்டி, சேலை மாற்றி, எதிர்வீட்டு மாயக்காளிடம் ஒப்படைத்துவிட்டு மண்டிக்கு ஓடுகிறேன். சாயங்காலம் நான் வந்ததும் மாயக்காள் போய்விடுகிறாள். அதற்குப் பிறகு அம்மா பேசினால் எனக்குப் பாதிதான் புரிகிறது. நான் பேசினால் அம்மா தூங்கிவிடுகிறாள். பூசை முடிந்து வெளியே வந்தால் எல்லாரும் குடும்பம் குடும்பமாக நிற்கிறார்கள். "அம்மா எப்டி இருக்கு?" என்று கேட்காதவர்கள் கிடையாது. நீ எப்படி இருக்கிறாய் என்று என்னை ஒருத்தரும் கேட்டதில்லை. மனசு விட்டுப் பேச எனக்கு இருப்பது நீ ஒருத்தன், அதுவும் தபாலில்.

நீ காலேஜில் படித்தபோது எனக்கு வந்த இரண்டு வரன்களைத் தம்பி படிப்பு முடியட்டும் என்று அம்மா தள்ளிப்போட்டாள். அது எனக்கும் சம்மதம்தான், குத்திக்காட்ட எழுதவில்லை. இந்த ஒன்றை மட்டும் தள்ளிப்போட வேண்டாம் என்கிறேன்.

விடுதிக்குப் பங்குச் சாமியாரின் கடிதம் வேண்டுமாம். போய்க் கேட்கப்போகிறேன். முடியும், முடியாது, ஏதாவது ஒரு வார்த்தை எழுது.

உன் அன்பு அக்கா
ஐரின்

*

செம்பூர், பம்பாய்
19-3-91

அன்புள்ள அக்காவுக்கு,

இன்று சூசையப்பர் திருநாள். அங்கே கோயிலில் நல்ல கூட்டம் இருந்திருக்கும்.

உன் சங்கடம் எனக்குப் புரிகிறது. தேடி வந்த வேலையை வேண்டாம் என்று சொல்ல உனக்கு வாய் வரவில்லை. அதனால் நானே ஓர் ஏற்பாடு செய்துவிட்டேன். அப்பா இல்லாத வீட்டில் ஆம்பிளை என்கிற முறையில் பங்குச் சாமியாருக்கு விவரமாக எழுதிவிட்டேன். அம்மாவுக்கு முடியாத நேரத்தில் அக்கா அவசரப்படுகிறாள், விடுதிக்குக் கடிதம் தர வேண்டாம் என்று கேட்டிருக்கிறேன். கடிதம் கிடைக்கவில்லை என்று கம்பெனிக்கு நீ எழுதிவிட்டால் போதும். உன் மேல் பழி வராது, யாருக்கும் மனஸ்தாபமும் இல்லை. கோபப்படாதே அக்கா, யோசித்துப் பார்த்தால் நான் செய்தது சரி என்று உனக்கே படும்.

உனக்கு ஒரு சேலை எடுத்து வைத்திருக்கிறோம். லிடியாதான் நிறம் பார்த்தாள்.

அன்புத் தம்பி
இனிகோ

*

இயேசு மரி சூசை துணை

திண்டுக்கல்
31-3-91, ஈஸ்டர்

இனிகோவுக்கு,

ஈஸ்டரும் வருசக் கணக்கு முடிக்கிற நாளும் இந்தத் தடவை ஒன்றாக வந்துவிட்டன. பூசை முடிந்து மண்டிக்குப் போய்க் கடைசிப் பக்கத்தை முடித்துக்கொடுத்துவிட்டு இப்போதுதான் வந்தேன். தவக்காலத்துக்கு நான் டீயை விட்டிருந்தேன், முதலாளிக்கு ரம்ஜான் நோன்பு. எதிர்த்த டீக்கடைக்காரர் எங்களைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். நான் வேலையை விடுவதாகச் சொன்னதும் முதலாளி பேரேட்டை மூடி வைத்தார். பிறகு, "போய்ட்டு வாம்மா, உனக்கு எப்பவோ கெடச்சிருக்கணும்" என்றார்.

சாமியாரிடம் போனபோது உன் கடிதம் அவர் மேசை மேல் இருந்தது. "தம்பிக்குச் சம்மதமில்லன்னு எழுதியிருக்காரேம்மா. வீட்டு ஆம்பளைய மீறி நான் எப்டிக் குடுக்க?" என்றார். நீ காலேஜில் சேரும்போது பாரத்தில் கார்டியன் என்று கையெழுத்துப் போட்டவள் நான். சாமியார் முன்னால் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். இத்தனை வருசத்தில் அவ்வளவு தனியாக நான் நின்றதில்லை. டவுன் பஸ்ஸில் ஏறினால் யாராவது பார்ப்பார்கள் என்று வீடு வரைக்கும் அழுதுகொண்டே நடந்தேன்.

அழுத காரணத்தை மாயக்காளிடம் சொன்னேன். அவள் அம்மாவிடம் சொல்லிவிட்டாள். புனித வாரத்துச் செவ்வாயன்று, நோயாளிகளுக்கு நற்கருணை கொடுக்கச் சாமியார் வீட்டுக்கு வந்தார். அம்மா இடது கையால் அவர் அங்கியைப் பிடித்துக்கொண்டாள். "சாமி, அவளுக்கு எழுதிக் குடுங்க. நா எம்மகங்கிட்டப் போறேன். அவன் வீட்ல ஒருநாளாச்சும் இருந்திருக்கேனா?" என்றாள். குழறினாலும் ஒரு வார்த்தை விடாமல் புரிந்தது. சாமியார் அங்கேயே உட்கார்ந்து எழுதிக் கொடுத்தார்.

நீயும் நானும் சாமியாரும் மாற்றி மாற்றி அம்மாவைப் பற்றிப் பேசினோம். அம்மாவை ஒருத்தரும் கேட்கவில்லை. அதில் உனக்குள்ள பங்கு எனக்கும் உண்டு.

அவர் போன பிறகு, "என்னைய விட்டுட்டு இருந்துருவியாம்மா?" என்று கேட்டேன். "நீ இருந்துருவியாடி?" என்றாள். கோயம்புத்தூரில் சாயங்காலம் விடுதிக்குத் திரும்பினால் நான் ஊட்டிவிட ஒரு ஆள் இருக்காது. ஆனாலும் போகிறேன். சம்மதம் என்று நேற்றுத் தந்தி கொடுத்துவிட்டேன்.

ஏப்ரல் இருபத்தொன்றாம் தேதி கிளம்பி, மெட்ராஸ் போய் தாதர் எக்ஸ்பிரஸ் பிடிக்கிறோம். ஸ்டேசனுக்கு வா. மூன்று மாடிக்கும் அம்மாவை நாற்காலியில் வைத்துத் தூக்க இன்னும் ஒரு ஆளைக் கூட்டி வா. சோறு குழைய வேண்டும். இடப்பக்கமாக ஊட்டு, வலப்பக்கம் கொடுத்தால் புரையேறும். சொல்லாமல் கொள்ளாமல் சுமையை இறக்குகிறேன் என்று லிடியாவிடம் நான் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். உன்னிடம் கேட்க ஒன்றும் இல்லை.

இரண்டு நாள் இருப்பேன். பம்பாய்க்கு இரண்டு டிக்கெட் எடுத்திருக்கிறேன், திரும்பி வர ஒன்று.

ஐரின்