பத்தால் வகுத்த போலீஸ் கார்

மச்சான்,

கறுப்புப் பெயிண்ட் வாசனை என் விரல்களை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. சோப்பு போட்டேன், மண்ணெண்ணெய் போட்டேன், தங்கச் சுரங்கம் கொட்டிவைத்த சைனைட் மேட்டு மணலையே அள்ளித் தேய்த்தேன். ரசம் சாதத்தை வாயில் வைத்தால்கூட உன் போலீஸ் கார்தான் மணக்கிறது. ஆமாம், அதேதான். வெள்ளைக்காரன் விட்டுப்போன, குட்டி யானை குந்தியிருப்பது போன்ற அந்தக் கறுப்பு வண்டி. போலீஸ் டிரைவராகக் காலமெல்லாம் நீ ஓட்டியதை என் சாப்பாட்டு மேசைமேல் முழ நீளத்தில் செய்திருக்கிறேன். உடம்பு பிஸ்கட் டின், டயர் ஹவாய் செருப்பு, பம்பர் குடைக்கம்பி. உலகத்தில் எந்த மகாராஜாவுக்கும் இப்படி ஒரு வாகனம் கிடையாது.

நாளைக்கு உன் முதல் வருஷ நினைவு ஜெபம். வண்டியை உன் போட்டோ பக்கத்தில் வைக்க வேண்டும் என்பது என் ஆசை. கேட்டதற்கு ஸ்டெல்லா, உன் மனைவியல்லவா, முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டாள்: “அவரு வண்டியா இருந்தா வெக்கிறேண்ணா. உங்க கத வண்டியா இருந்தா வாசலோட எடுத்துனு பூடுங்க.”

அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தால் ஹெட்லைட் கோணல், எழுந்தால் பானெட் உயரம். காய் வாங்க ஆண்டர்சன்பேட்டை மார்க்கெட்டுக்குக் கிளம்பியவன் பாதி வழியில் திரும்பி வந்து மட்கார்டைப் பிடுங்கி மறுபடி வளைத்தேன். அவள் பயமும் நியாயம்தான். என் கதைகளில் அந்த வண்டிக்கு ஆறு ஹெட்லைட், கூரையில் பீரங்கி. அது இங்கே உறுமினால் பங்காரப்பேட்டையில் பாத்திரம் உருளும். நீ பக்கத்தில் நின்று சிரிக்காமல் சொல்வாய்: “பத்தால வகு மச்சான்.” அதனால்தான் உன் கணக்கையே அளவாக எடுத்துக்கொண்டேன். அசலில் பத்தில் ஒரு பங்கு.

அசல் எப்படி இருந்தது? பேட்டரிக்கு உயிர் இருந்ததாக எனக்கு நினைவில்லை. சரிவு பார்த்து மூக்கைக் கீழ்ப்பக்கம் வைத்து நிறுத்துவாய். உருட்டிவிட்டால்தான் எஞ்சின் கண் திறக்கும். சமதளத்தில் நின்றுபோனால் பிடிபட்டவனே இறங்கித் தள்ள வேண்டும். ஒரு குடிகாரன் உன்னிடம் பேரம் பேசினானே: “தள்றேன் சார், ஆனா முன் சீட்டு குடுக்கணும்.” நீ சொன்னாய், “மொதல்ல தள்ளு, சீட்டப் பத்தி ஸ்டேஷன்ல பேசிக்கலாம்.” அவனும் தள்ளினான்!

உன் கல்யாணத்துக்கு இன்ஸ்பெக்டர் அந்த வண்டியைத்தான் கொடுத்தார். வேறு யார் தொட்டாலும் அது கிளம்பாது என்பதால், கோட்டு போட்ட மாப்பிள்ளை நீயே பெண்ணை ஏற்றி வந்தாய். சர்ச் வாசலில் ஒரு கிழவி என் கையைப் பிடித்து, “இன்னா பண்ணிச்சு அந்தப் பொண்ணு, இப்டி அலங்காரத்தோட புட்ச்சிகினு வராங்க?” என்று கேட்டாள். அன்றைக்கு எடுத்த ஒரே ஒரு போட்டோவை வைத்துத்தான் இதைச் செய்தேன். அதிலும் சக்கரங்களை மறைத்துக்கொண்டு உன் சொந்தக்காரர்கள் வரிசைகட்டி நிற்கிறார்கள்.

இன்று காலை அட்டைப்பெட்டியில் வைத்து ஸ்கெலட்டனில் இருக்கும் உன் வீட்டுக்குத் தூக்கிப் போனேன். ஸ்டெல்லா கண்ணாடி மாட்டிக்கொண்டு சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். கதவைத் தொட்டாள். தூக்கி உன் போட்டோ பக்கத்தில் வைத்தாள். உன் வீட்டுத் தரைதான் ஒரு பக்கம் சாய்ந்ததாயிற்றே, வண்டி மெதுவாக உருண்டு மேசை ஓரம் வந்துவிட்டது. பாதாளத்தில் விழ இருந்ததைப் பாய்ந்து பிடித்தேன்.

“இன்னாண்ணா, கல்லு எங்க?” என்றாள்.

“எந்தக் கல்லும்மா?”

“ஹேண்ட்பிரேக்கு ஏது அதுக்கு? கண்ணாலத்தன்னைக்கு நான் உள்ள வேர்த்துகினு குந்தினு இருக்கேன். உள்ளேர்ந்து கதவு தொறக்காது. இவரு இன்னாடான்னா மொதல்ல சக்கரத்துக்குக் கல்லு வெச்சாரு. அப்பால வந்துதான் எனக்குக் கதவு தொறந்தாரு. எனக்கு வந்துச்சே கோவம்! அப்பறமா கேட்டா, ‘நீ எறங்கறப்ப வண்டி நவுரக் கூடாது’ன்றாரு.”

அவள் சிரித்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். நான் வாசலுக்கு ஓடினேன்.

தேங்காய் அளவு கல் என்றாள். பத்தால் வகுத்தால் கொண்டைக்கடலை. சுரங்கத்து லைன் வீடுகளின் பின்னால் குனிந்து, கோழிகளோடு கோழியாகக் கிளறி, ஒரு கைப்பிடி பொறுக்கிவந்தேன். ஸ்டெல்லா வெள்ளைக் கல் ஒன்றைத் தேர்ந்தெடுத்து முன் சக்கரத்தடியில் தானே வைத்தாள். வண்டி நின்றது. “இப்பதான் அவரு வண்டி” என்றாள்.

“தங்கச்சி, அவன மாதிரி ஒரு மனுஷன் இந்தப் பூமியிலயே பொறக்கல” என்றேன்.

பழக்கதோஷத்தில் உன் குரலுக்காகக் காத்திருந்தேன். ஸ்டெல்லாவும் வகுக்கவில்லை.

மிச்சக் கற்கள் என் சட்டைப் பையில் கிடக்கின்றன. நடக்க நடக்க நெஞ்சில் தட்டுகின்றன. எனக்கு இன்னும் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை, மச்சான்.