மேகலாவின் வரி, என் வாய்

மே 5, திங்கள்

காலை எட்டு மணிக்கே அனல். தீவன ஆய்வகத்தில் மின்விசிறி ஓடியும் வியர்வை. மதியம் வரை மக்காச்சோளத்தில் பூஞ்சை பார்க்கும் வேலை. கை வேலையில், மனம் ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில்.

மாலை பயிற்சி. ஃப்ரீ த்ரோ சுமார். இடது முட்டி வலி. ஐஸ் வைக்க மறக்கக் கூடாது.

புதிதாகச் சேர்ந்த ரம்யா கேட்டாள்: "ஏனுங்கக்கா, ஆட்டம் ஜெயிச்சாப் பத்தாதா? பாட்டு எதுக்கு?"

விளக்கினேன். நாமக்கல் பெண்களும் சேலம் பெண்களும் வருடம் ஒருமுறை ஆடும் கூடைப்பந்து. பாதி ஆட்டம் முடிந்ததும் நடு வட்டத்தில் ஏசல். கல்யாணத்தில் பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் பாட்டாலேயே திட்டிக்கொள்வார்களே, அதேதான். அதை நாங்கள் ராப்பாகப் பாடுகிறோம். ஊருக்கு ஒருத்தி. எங்களுக்கு நான், அவர்களுக்கு ஜலகண்டாபுரம் மேகலா. ஆட்டத்தில் ஜெயித்தால் கோப்பை. ஏசலில் எந்த ஊர் ஜெயிக்கிறதோ அங்கேதான் அடுத்த வருட ஆட்டம். திட்டுக்கும் வரம்பு உண்டு. பெற்றவர்கள், சாதி, உடம்பு, மூன்றையும் தொடக் கூடாது. பதில் பாட ஆள் இல்லையென்றால் அந்த ஊர் தோற்ற ஊர்.

"இது யாரு போட்ட சட்டமுங்க?"

"முதல்ல ஆடுனவங்க. அவங்கள்ல பாதிப் பேரு இன்னைக்கும் கேலரில வந்து உக்காருவாங்க, நாம மீறறமான்னு பாக்க."

மூன்று வருடமாக ஏசலில் மேகலாதான். அதனால் மூன்று வருடமாக ஆட்டம் சேலத்தில்தான், கொண்டப்பநாயக்கன்பட்டி மைதானத்தில். இந்த வருடமும் அங்கேதான். எங்கள் வீட்டு ஆட்கள் யாரும் நாங்கள் ஆடிப் பார்த்ததில்லை. வெளியூர் என்றதும் நல்ல ஆட்டக்காரிகள் இரண்டு பேரை வீட்டில் அனுப்பவில்லை. அவர்களும் ஆட்டத்தையே விட்டுவிட்டார்கள்.

பயிற்சி முடிந்து புவனா அக்கா ஓடிவந்தார். எங்கள் கேப்டன். லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் அலுவலக வேலை. இதுதான் தன் கடைசி ஆட்டம் என்று தையிலிருந்தே சொல்லிக்கொண்டிருக்கிறவர்.

"வளரு, சேதி தெரியுமா? மேகலாளுக்குத் தொண்டைல ஆப்பரேசன். தைராய்டு. கொரலே வரலியாமா."

பிறகு யாரோ, "அப்ப நம்மூர்லதான் அடுத்த வருசம்!"

கைதட்டல். நானும் தட்டினேன்.


மே 6, செவ்வாய்

புழுக்கம். மழை வருவதுபோல் போக்குக் காட்டிவிட்டுப் போய்விட்டது.

என் பாட்டை எடுத்துப் பார்த்தேன். ஆரம்பம் தேவலை:

எஃகுன்னு சொல்லி எகிறுற சேலம்,
நாலு தூறல் பட்டாத் துருப்புடிச்ச கோலம்.

ஆனால் பாட்டின் உயிர் நடுவில் வரும் இரண்டு வரி:

எண்ணெய் காணாத தறிதான் உன் கொரலு,
கேட்டவன் காதுல விட்டுக்கிட்டான் விரலு.

பங்குனியில் எழுதியது. அன்றைக்கு அது ஏசல். இன்றைக்கு அது உடம்பு. அடித்துவிட்டேன். அந்த இடத்தில் வைக்க வேறொன்றும் தோன்றவில்லை.

மேகலாவுக்கு, "கேள்விப்பட்டேன். எப்படி இருக்கீங்க?" என்று அனுப்பினேன். மூன்று வருடம் எதிரெதிரே நின்றும் அவளோடு இதுதான் முதல் பேச்சு. பார்த்துவிட்டாள். பதில் இல்லை.

அம்மா: "ஏஞ்சாமி, சோத்த வச்சுக்கிட்டு செவுத்தப் பாத்துட்டு இருக்கற?"


மே 7, புதன்

காலையில் பதில் வந்திருந்தது. "ஊட்டுக்கு வாங்க. ஒரு விசயம் கேக்கோணும்." கீழே வழி.

அரை நாள் விடுப்பு. சங்ககிரி, எடப்பாடி, ஜ.புரம். மூன்று பேருந்து. கடைசிப் பேருந்தை விட்டு இறங்கியதுமே தறிச் சத்தம். தெருவுக்குத் தெரு. மேகலாவின் தாளம் எங்கிருந்து வந்தது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அவள் அப்பா தறியை நிறுத்திவிட்டு வந்தார். "வாங்க சாமி. நாமக்கல்லு பாட்டுக்காரப் புள்ளைங்களா? உக்காருங்க." தண்ணீர் கொடுத்தார். "ஊட்டுல பேச்சே இல்லீங்க சாமி. தறி நின்னா ஒரு சத்தமும் இல்ல. அதனால நிறுத்தறதே இல்லீங்க."

மேகலா வந்தாள். இளைத்திருந்தாள். கழுத்தைச் சுற்றித் துப்பட்டா. ஏதோ சொன்னாள். காற்றுதான் வந்தது. எனக்குப் புரியவில்லை, புரிந்ததுபோல் தலையாட்டினேன். அது பொய் என்று கண்டுபிடித்துவிட்டாள். போனை எடுத்துத் தட்டச்சு செய்து என் முன்னால் நீட்டினாள்.

"டாக்டரு கொரல் நரம்பு அசையலைங்கறாரு. வந்தாலும் வரலாமாம், வராட்டியும் இல்லையாம்."

சரியாகிடுமுங்க என்றேன். எல்லோரும் சொல்வது. அவள் கையை வீசி அதைத் தள்ளினாள். மறுபடி தட்டினாள்.

"பாட்டு எழுதிட்டேன். நீங்க பாடுங்க."

"எனக்கெதிரான பாட்டையா?"

தலையாட்டினாள்.

"உங்கூர்ல வேற ஆளே இல்லீங்களா?"

நீளமாகத் தட்டினாள். "இருக்காங்க. பீட்டுல நிக்க மாட்டாங்க. என்ற மூச்சு எங்க வரும், எங்க நிக்கும்னு உங்களுக்குத்தான் தெரியும். மூணு வருசமா எதுக்க நின்னு கேட்டவங்க நீங்கதான்."

நான் ராப் கற்றுக்கொண்ட வட்டத்தில் ஒரு சட்டம் முதல் நாளே சொல்வார்கள். அடுத்தவர் வரியை எடுத்துப் பாடுகிறவருக்கு வட்டத்தில் இடமில்லை. அதைச் சொன்னேன்.

"திருடுனாத்தான் தப்பு. நான் குடுக்கறேன்."

பிறகு இன்னொன்று: "பதில் சொல்லாமத் தோத்தாங்கன்னு எங்கூருக்குப் பேரு வரக் கூடாது. பாடித் தோக்கறேன், பரவால்ல."

யோசித்துச் சொல்கிறேன் என்று கிளம்பினேன். அவள் அப்பா நிறுத்தம் வரை வந்தார். பேருந்து வந்ததும், "அவ கேட்டதச் செய்யோணும்னு இல்லீங்க சாமி. வந்ததே போதும்."


மே 8, வியாழன்

புவனா அக்காவிடம் சொன்னேன். பந்தைக் கீழே வைத்துவிட்டார்.

"அவளுக்கு முடியலைன்னா ஆப்பிள் வாங்கிட்டுப் போய்ப் பாரு. நானும் வாரேன். ஊர எதுக்குடி குடுக்கற?"

"குடுக்கலைங்கக்கா. என்ற பாட்டையும் பாடறேன். ரெண்டுல எது நல்லதோ..."

"அவ பாட்டு நல்லாருக்குமுன்னு உனக்கே தெரியும்."

தெரியும்.

"என்ற புள்ளைக்கு ஏழு வயசாச்சு. நான் ஆடி ஒரு நாள் பாத்ததில்ல. அடுத்த வருசம் நம்மூர்லன்னா கேலரில உக்காந்து பாப்பாள்னு நெனச்சேன். ஆடாட்டியும் அங்க நின்னு கோப்பையாவது தூக்கிக் காட்டுவேன்னு நெனச்சேன்."

குரல் உடைந்துவிட்டது. கோபப்பட்டிருந்தால் சமாளித்திருப்பேன்.

ரம்யா மெதுவாக, "அவங்க இடத்துல நீங்க இருந்தா அவங்க பாடுவாங்களாக்கா?"

தெரியாது என்றேன். அதுதான் உண்மை.

வீட்டுக்கு வந்து மேகலாவுக்கு எழுதினேன். "பாட்டை அனுப்புங்க."


மே 9, வெள்ளி

வந்துவிட்டது. பேருந்து நிறுத்தத்தில் நின்று படித்தேன். ஒரு பேருந்தை விட்டுவிட்டேன்.

முட்டை ஊருக்காரி மேட்ச்சுக்கு வந்தா,
போர்டுலயும் பாருங்க அதையேதான் தந்தா.

சிரித்துவிட்டேன். பக்கத்தில் நின்றவர் திரும்பிப் பார்த்தார்.

மைக்கப் புடிச்சா மலையேறும் புலி,
அம்மா போனடிச்சா மூலையில எலி.

இதற்கும் சிரிப்பு, கொஞ்சம் குறைவாக. பெற்றவர்களைத் தொடக் கூடாது என்பது சட்டம். தொடவில்லை. என்னைத்தான் தொட்டிருக்கிறாள்.

தோத்துட்டுப் போறப்ப சன்னல் சீட்டு கேப்ப,
அழுகறது தெரியாம ரோட்டையே பாப்ப.

போன வருடம் வேனில் ஏறி அப்படித்தான் உட்கார்ந்தேன். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்திருந்தேன். அவள் பார்த்திருக்கிறாள். பார்த்து, ஒரு வருடம் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்து, என்னிடமே கொடுத்திருக்கிறாள்.

மொட்டை மாடியில் பாடிப் பார்த்தேன். சுமாராகப் பாடினால் போதும், எங்கள் ஊர் ஜெயித்துவிடும், யாருக்கும் தெரியாது. மூச்சை இரண்டு இடத்தில் தவறாக விட்டால் பாட்டே படுத்துவிடும். அப்படி ஒரு தடவை பாடியும் பார்த்தேன். கேட்கச் சகிக்கவில்லை. என்னால் முடியாது.


மே 10, சனி

வாங்க வேண்டியது: முட்டிப் பட்டை, எலுமிச்சை, குளுக்கோஸ்.

அம்மாவிடம் எலி வரியைப் பாடிக் காட்டினேன். அடுப்பை அணைத்துவிட்டுச் சிரித்தார். "எங்க காலத்துல நலுங்குல நாங்க பாடாததையா? என்ற மாமியாளக் கேட்டிருந்தா நீ கொரலே எடுக்க மாட்ட." பிறகு, "அந்தப் புள்ளைக்கு இனிக் கொரலு வராதாமா?"

தெரியலைம்மா.

இரவு தூக்கம் இல்லை.


மே 11, ஞாயிறு

ஏற்காடு மலை மேல் மேகம், கீழே வெயில். மூன்று மணிக்கு மைதானத்தில். கேலரி நிறைய சேலம். பழைய ஆட்டக்காரிகள் முன் வரிசையில்.

பாதி ஆட்டம்: நாங்கள் நான்கு புள்ளி பின்னால்.

ஏசலுக்குக் கூப்பிட்டார்கள். நான் என் பாட்டைப் பாடினேன். துருப்பிடித்த வரிக்குக் கொஞ்சம் சிரிப்பு. நடுவில் ஓட்டை விழுந்த பாட்டு, அவ்வளவுதான். அடுத்து சேலம். யாரும் வரவில்லை. எங்கள் பெஞ்சில் ஒருத்தி, ஜெயித்துவிட்டோம் என்று எழுந்துவிட்டாள்.

அப்போது மேகலா வந்தாள். ஜெர்சி போட்டிருந்தாள், கழுத்தில் துப்பட்டா இல்லை. தழும்பு தெரிந்தது. கையில் பந்து.

மைக்கில் சொன்னேன்: "இது மேகலாளோட வரி. வாய் மட்டும்தான் என்னுது."

சேலம் கேப்டனே ஆட்சேபித்தாள். "நாமக்கல்லு பாடுனா அது எப்படி எங்க பாட்டாகும்?"

நடுவர் அம்மா பழைய ஆட்டக்காரிகளைப் பார்த்தார். அவர்களில் ஒருவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே, "வரி யாருதோ பாட்டு அவங்களுது. பாடச் சொல்லுங்க."

மேகலா பந்தைத் தட்ட ஆரம்பித்தாள். சிமெண்டுத் தரை. ஒரு கனமான அடி, இரண்டு லேசான அடி. தறி. அதன் மேல் நான் ஏறினேன்.

முட்டை வரிக்கு மைதானம் அதிர்ந்தது. எலி வரிக்கு எங்கள் பெஞ்சே சிரித்தது. என்னைத்தான் திட்டுகிறேன் என்பது மறந்துபோய், எங்கே அடித்தால் வலிக்குமோ அங்கே அடித்துக்கொண்டிருந்தேன். சன்னல் வரி வந்தபோது நின்றுவிட்டேன். பந்து நிற்கவில்லை. மேகலாவைப் பார்த்தேன். அவள் உதடு அசைந்துகொண்டிருந்தது. முதலிலிருந்தே அசைந்திருக்கும். சத்தமே இல்லாமல் முழுப் பாட்டையும் அவளும் பாடிக்கொண்டிருந்தாள். அந்த உதட்டைப் பார்த்து அடுத்த சொல்லைப் பிடித்தேன். முடித்தேன்.

தீர்ப்பு மேசையில் இருந்த மூன்று பேரும் சேலம் என்றார்கள். எங்கள் பக்கத்து ஆளும் சேலம் என்றுதான்.

மேகலா என் கையைப் பிடித்துக் காதருகே வந்து ஏதோ சொன்னாள். காற்று. இந்த முறை புரிந்ததுபோல் நடிக்கவில்லை. "கேக்கலைங்க" என்றேன். மறுபடி சொன்னாள். மறுபடி. மூன்றாவது தடவை கேட்டது: "நல்லாத் திட்டுன."

பிற்பாதி ஆட்டம். பு. அக்கா அப்படி ஆடி நான் பார்த்ததில்லை. யார் மேலோ உள்ள கோபத்தைப் பந்தில் காட்டினார். யார் மேல் என்று தெரியும். மூன்று புள்ளியில் ஜெயித்தோம். கோப்பை எங்களுக்கு. அடுத்த வருடமும் ஆட்டம் சேலத்தில்.

வேனில் சன்னல் சீட்டில் பு. அக்கா. கோப்பை மடியில். ராசிபுரம் தாண்டியதும் ரம்யா பின்னாலிருந்து மெதுவாக எலி வரியை ஆரம்பித்தாள். ஒவ்வொருத்தியாகச் சேர்ந்துகொண்டார்கள். அக்கா மட்டும் சேரவில்லை.


மே 12, திங்கள்

மழை, ஒருவழியாக. ஆய்வகம். தலைவலி.

பு. அக்காவை இரண்டு முறை கூப்பிட்டேன். எடுக்கவில்லை.

மேகலாவிடமிருந்து ஒன்று: "பேச்சுப் பயிற்சிக்கு வரச் சொல்லியிருக்காங்க. போறதா வேண்டாமான்னு இருந்தேன். நாளைக்குப் போறேன்."


மே 13, செவ்வாய்

மைதானத்தில் தண்ணீர் தேங்கியிருக்கிறது. பயிற்சி இல்லை என்றுதான் நினைத்தேன். சும்மா போய்ப் பார்த்தேன்.

பு. அக்கா விளக்குமாற்றால் தண்ணீரைத் தள்ளிக்கொண்டிருந்தார். கூடவே அவர் மகள், குட்டி விளக்குமாற்றோடு.

"அக்கா, கடைசி ஆட்டமுன்னு சொன்னீங்க."

"சொன்னேன்." நிமிரவில்லை. "இவளக் கூட்டிட்டு அடுத்த வருசம் சேலம் போறேன். அங்கயே வந்து பாக்கட்டும்."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"உம்மேல கோவம் இன்னும் போகல, வளரு. இப்பப் பேசாத. அந்தப் பக்கந் தள்ளு."

தள்ளினேன்.