அழுகை மகாராணிக்கு

ஹாலிவுட்,
அக்டோபர் 1929.

நெப்ராஸ்காவில் அண்ணன் வீட்டுச் சோளத்தைத் தின்று கொழுத்துக்கொண்டிருக்கும் அழுகை மகாராணி வெர்னாவுக்கு, உன் இடுப்பளவு தெரிந்த தையற்காரி ஹல்டா எழுதுவது. நான் நலம். நீயும் நலமாக இரு. இடுப்பை மட்டும் பார்த்துக்கொள். பெருத்தால் ஊசியோடு வந்து திட்ட நான் பக்கத்தில் இல்லை.

ஸ்டுடியோவிலிருந்து தந்தி வருமா என்று கேட்டிருந்தாய். பெட்டியைக் கட்டியே வைத்திருப்பதாகவும் எழுதியிருந்தாய். அதற்கு வருகிறேன். முதலில் ஊர்க்கதை.

வயலின் எமில் உன்னை விசாரித்தான். பேசும் படம் வந்த பிறகு படமெடுக்கும் இடத்தில் வாத்தியத்துக்கு என்ன வேலை? செருப்புக்கடையில் உட்கார்ந்து பெண்களுக்குக் கால் அளவு எடுக்கிறான். "உங்க ராணியம்மாவ ஒரே இழுப்புல அழ வெச்சவன் நான். இப்ப செருப்பு வாங்க வர்றவங்க என் மூஞ்சியப் பாத்தே அழறாங்க" என்றான். பாவி, சிரித்துக்கொண்டேதான் சொன்னான்.

உன் ஒப்பனை அறையில் இப்போது ஒலிப்பதிவுக்காரர்களின் கம்பிச்சுருள்கள் கிடக்கின்றன. கதவில் உன் பெயர் இருக்கிறதா என்று கேட்காதே.

உனக்கென்று வைத்திருந்த கதையில் நியூயார்க் நாடகக்காரி ஒருத்தி நடிக்கிறாள். உன் நீலப்பட்டு உடையை அவளுக்காகப் பிரித்து நான்தான் பிடித்துத் தைத்தேன். டைரக்டர் கிராண்டல் அழு என்றால் அழுகிறாள், நிறுத்து என்றால் நிறுத்துகிறாள். என் சமையலறைக் குழாயும் அப்படித்தான். "இதான் நடிப்பு, ஹல்டா" என்றார் அவர். நல்லவேளை, வாயில் குண்டூசிகள் இருந்தன; என் வேலை தப்பியது.

உன் குரல் சோதனை நடந்த நாளை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. இத்தனை வருஷமும் எமில் வயலின் வில்லை எடுத்தால்தான் உன் கண் நிறையும். அன்றைக்கு உள்ளே வயலின் என்ன, தும்மக்கூடத் தடை. மைக்குக்குக் கீழே நின்றாய். கிராண்டல் கையை ஆட்டினார். ஒரு சொட்டு வரவில்லை. கண்ணில் கற்பூரம் ஊத ஒருவன் வந்ததும், "நான் பொய்க்கண்ணீர் விட்டதில்ல. அதுக்கு வேற ஆளப் பாருங்க" என்றாய்.

பார்த்துவிட்டார்கள்.

பிறகு வெளியே வந்து என் தோளில் விழுந்து அழுதாயே, எமிலின் வில்லுக்குக்கூட நீ அப்படி அழுததில்லை. அப்போதுதான் ஒலிப்பதிவுக்காரன் பக்கத்துக் கதவைத் திறந்து, சத்தம் கூடாது என்று மேலே எரிந்த சிவப்பு விளக்கைக் காட்டி, "அம்மா, கொஞ்சம் அடங்குங்க. நீங்க அழறது உள்ள பதிவாகுது" என்றான். நீ கைக்குட்டையை வாயில் அடைத்துக்கொண்டாய். உன் அழுகை அவர்கள் இயந்திரத்தில் ஏறியது அந்த ஒரு தடவைதான். அதையும் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி எடுத்தார்கள்.

தந்தி விஷயம். கிராண்டலிடம் நேராகவே கேட்டேன். "வெர்னா நல்லா இருக்காங்களா? நான் விசாரிச்சேன்னு சொல்லு" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. சொல்லிவிட்டேன்.

அந்தப் பெட்டியைத் திற, கண்ணு. பட்டு ரொம்ப நாள் மடிப்பில் கிடந்தால் மடிப்போடு கிழியும். எல்லாவற்றையும் உதறி உன் அண்ணி அலமாரியில் மாட்டு. பிறகு சோளக்காட்டுக்குள் போய்த் தொண்டை கிழிய அழு. கைக்குட்டையை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போ. கடவுள் உனக்குத் துணையிருக்கட்டும். சோளக்காட்டில் சிவப்பு விளக்கு கிடையாது.

உன்,
ஹல்டா